விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளமும் அதில் நிறுவப்படும் மென்பொருட்களும் தமது அமைப்பு விபரங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் ஆகும். தமிழில் இதனைப் பதிவகம் எனலாம். கணினி தொடங்கும்பொழுது இயக்கவேண்டிய சேவைகள், வன்பொருட் சாதனங்களின் விபரம், பயனர் கணக்குகள், எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கவேண்டும் என்பது முதல் மேசைத்தளத்தின் பின்னணிப் படம் வரை யாவும் இதிலேயே பதியப்படுகின்றன. பதிவகம் பழுதடைந்தால், பயனரின் ஆவணங்களும் படங்களும் வன்தட்டில் அப்படியே இருந்தபோதிலும் கணினி தொடங்காமல் போகலாம். இதனை அறியாமல் வன்தட்டை ஃபார்மட் செய்து இயங்குதளத்தை மீள நிறுவி, இழக்கவேண்டிய தேவையே இல்லாத கோப்புக்களை இழந்தவர்கள் பலர்.

வரலாறு

விண்டோஸின் ஆரம்பப் பதிப்புக்களில் அமைப்பு விபரங்கள் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ போன்ற சாதாரண உரைக் கோப்புக்களில் எழுதப்பட்டன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் ஐஎன்ஐ கோப்பை வைத்துக்கொண்டது, அல்லது வின்.ஐஎன்ஐ கோப்பிலேயே தன் வரிகளையும் சேர்த்தது. இக்கோப்பின் அளவு 64 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டியிருந்தது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்பொழுது ஒவ்வொருவருக்கும் தனித்தனி அமைப்பை வைப்பதற்கும் இம்முறையில் வழியில்லை.

1992 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 3.1 இல் பதிவகம் முதன்முதலாக அறிமுகமானது. கோப்பு வகைகளையும் அவற்றைத் திறக்கும் மென்பொருட்களையும் இணைப்பதே அன்று அதன் பணி. 1993 இல் விண்டோஸ் என்டி 3.1 உம், 1995 இல் விண்டோஸ் 95 உம் இதனை முழு இயங்குதளத்துக்குமான தரவுத்தளமாக விரிவாக்கின. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் சிஸ்டம்.டாட், யூசர்.டாட் என்னும் இரு கோப்புக்களில் பதிவகம் இருந்தது. விண்டோஸ் 98 இல் இருந்த ஸ்கேன்ரெக் என்னும் கருவி நாளுக்கு ஒருமுறை பதிவகத்தைச் சோதித்து, ஐந்து பழைய பிரதிகள் வரை சேமித்து வைத்தது. டாஸ் நிலைக்குச் சென்று ஒரே கட்டளையில் அவற்றுள் ஒன்றை மீட்கலாம். இத்துணை எளிய வசதி பின்வந்த பதிப்புக்களில் இல்லாமற் போனது ஒரு குறையே.

அமைப்பு

பதிவகம் கோப்புறைகளைப் போலக் கிளைவிடும் அமைப்பு உடையது. கோப்புறைக்கு ஒப்பானது சாவி எனவும், அதனுள் இருக்கும் தரவு மதிப்பு எனவும் அழைக்கப்படும். மதிப்பானது எழுத்துத் தொடராகவோ, 32 அல்லது 64 பிட் எண்ணாகவோ, இருமத் தரவாகவோ இருக்கலாம். மேல்மட்டத்தில் ஐந்து கிளைகள் தென்படினும் அவற்றில் உண்மையானவை இரண்டே: கணினி முழுவதற்கும் பொதுவான லோக்கல் மெஷின், பயனர்களுக்குரிய யூசர்ஸ். ஏனைய மூன்றும் இவற்றின் பகுதிகளை வேறு பெயரில் காட்டுபவை. எடுத்துக்காட்டாக, கரண்ட் யூசர் என்பது யூசர்ஸ் கிளையில் அப்பொழுது உள்நுழைந்துள்ள பயனருக்குரிய பகுதியாகும்.

என்டி வழிவந்த விண்டோஸ் 2000, எக்ஸ்பி முதல் இன்றைய விண்டோஸ் 11 வரையான பதிப்புக்களில் பதிவகம் ஒரே கோப்பில் இல்லை. விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32 இனுள் உள்ள கான்ஃபிக் என்னும் கோப்புறையில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் ஆகிய முக்கிய கோப்புக்கள் உள்ளன. ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புக்கள் அவரது சொந்தக் கோப்புறையில் என்டியூசர்.டாட் என்னும் மறைந்த கோப்பில் இருக்கும். இக்கோப்புக்கள் ஆங்கிலத்தில் ஹைவ், அதாவது தேன்கூடு எனப்படுகின்றன. உள்ளே தரவு இருக்கும் இடங்கள் அறைகள் எனப்படுகின்றன. என்டியை உருவாக்கியவர்களுள் ஒருவருக்குத் தேனீக்கள் என்றாலே பிடிக்காதாம். அவரைச் சீண்டவே உடன் பணிபுரிந்தவர் இப்பெயர்களைப் புகுத்தினார் என மைக்ரோசாப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் 2003 இல் எழுதியுள்ளார்.

பழுதடையும் விதம்

பதிவகக் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் தடைப்படுதல், வன்தட்டில் பழுதான பகுதிகள் தோன்றுதல், பழுதான நினைவகம் ஆகியவையே முக்கிய காரணங்கள். மின்தடைக்கு எதிராக விண்டோஸில் ஓர் ஏற்பாடு உள்ளது. மாற்றங்கள் முதலில் லாக் கோப்பு ஒன்றில் எழுதப்பட்டு, அதன் பின்னரே மூலக் கோப்பிற்குச் செல்லும். மூலக் கோப்பின் தலைப்பகுதியில் இரண்டு வரிசை எண்கள் உள்ளன. எழுதத் தொடங்கும் முன் முதலாவதும், எழுதி முடித்தபின் இரண்டாவதும் கூட்டப்படும். அடுத்த முறை கணினி தொடங்கும்பொழுது இரு எண்களும் ஒன்றாக இல்லாவிடில் எழுத்து இடையில் அறுந்தது என உணர்ந்து, லாக் கோப்பில் இருந்து விடுபட்டதை விண்டோஸ் நிரப்பிக்கொள்ளும். ஆயினும் வன்தட்டே பழுதானால் இவ்வேற்பாடு உதவாது. எனவே பதிவகம் ஒருமுறை பழுதாகி, காரணம் தெரியாமல் மறுமுறையும் பழுதானால் மென்பொருளைக் குறைகூறும் முன் செக்டிஸ்க் மூலம் வன்தட்டையும், நினைவகச் சோதனை மூலம் நினைவகத்தையும் சோதித்தல் வேண்டும். பழுதாகிவரும் வன்தட்டில் செக்டிஸ்க் மேலும் சேதம் விளைவிக்கலாம் என்பதால் முதலில் முக்கிய கோப்புக்களை வேறு வட்டில் பிரதியெடுத்துவிடுவது நன்று.

கணினி தொடங்காதபொழுது

விண்டோஸ் எக்ஸ்பியில் சிஸ்டம் கோப்பு பழுதானால் கறுப்புத் திரையில் அக்கோப்பின் பாதையும், அது காணாமற்போயுள்ளது அல்லது பழுதடைந்துள்ளது என்னும் செய்தியும் தோன்றும். நிறுவல் இறுவட்டில் இருந்து ரிகவரி கன்சோலுக்குச் சென்று, பழுதான ஐந்து கோப்புக்களையும் வேறு பெயரில் பிரதியெடுத்துவிட்டு, விண்டோஸ் கோப்புறையின் ரிப்பேர் என்னும் உட்கோப்புறையில் உள்ள பிரதிகளை அவ்விடத்தில் இடுவதே மைக்ரோசாப்ட் பரிந்துரைத்த வழி. ரிப்பேரில் உள்ளவை பொதுவாக விண்டோஸ் நிறுவப்பட்ட அன்றைய பிரதிகள். ஆகையால் கணினி தொடங்கும், ஆனால் பின்னர் நிறுவிய எதையும் அறியாது. இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் எல்லா மென்பொருட்களையும் மீண்டும் நிறுவ நேரிடும். மாறாக, பாதுகாப்பான நிலையில் உள்நுழைந்து சிஸ்டம் ரிஸ்டோர் சேமித்துவைத்துள்ள அண்மைய பிரதிகளை எடுத்து, ரிகவரி கன்சோல் மூலம் இரண்டாம் முறை மாற்றினால் கணினி பழைய நிலைக்கே திரும்பும். தயாரிப்பாளரே விண்டோஸை நிறுவி விற்ற கணினிகளில் இவ்வழி ஆகாது. முன்னர் இல்லாத பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அப்பிரதிகளுடன் வந்துசேரக்கூடும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிவடைந்தது.

புதிய சாதனம் அல்லது அதற்கான இயக்கி மென்பொருளை நிறுவியபின் கணினி தொடங்காவிடில், விண்டோஸ் 7 வரையான பதிப்புக்களில் எஃப்8 விசையை அழுத்தி இறுதியாகச் சரியாக இயங்கிய அமைப்பினைத் தேர்ந்தெடுக்கலாம். பயனர் ஒருவர் வெற்றிகரமாக உள்நுழையும் ஒவ்வொரு தடவையும் இவ்வமைப்பு புதுப்பிக்கப்படும் என்பதைக் கவனிக்கவேண்டும். அதாவது கோளாறுடனேயே ஒருமுறை உள்நுழைந்துவிட்டால், கோளாறான அமைப்பே சரியானதாகப் பதிவாகிவிடும். விண்டோஸ் 8 முதல் இவ்வசதி வழமையான தொடக்கப் பட்டியலில் இல்லை.

விண்டோஸ் விஸ்டா முதல் கான்ஃபிக் கோப்புறையினுள் ரெக்பேக் என்னும் உட்கோப்புறை உள்ளது. பத்து நாட்களுக்கு ஒருமுறை பதிவகத்தின் பிரதி தானாகவே இங்கே எடுக்கப்பட்டு வந்தது. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1803 ஆம் பதிப்புடன் மைக்ரோசாப்ட் இதனை நிறுத்திவிட்டது. வன்தட்டில் விண்டோஸ் பிடிக்கும் இடத்தைக் குறைப்பதற்காக எனக் காரணம் கூறப்பட்டது. ஆனால் கோப்புறையும் கோப்புப் பெயர்களும் அப்படியே விடப்பட்டன. ஒவ்வொரு கோப்பின் அளவும் சுழியம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இவ்வெற்றுக் கோப்புக்களை மூலக் கோப்புக்களின் மீது பிரதிசெய்தால், திருத்தக்கூடியதாக இருந்த பதிவகமும் அழிந்துவிடும். ஆகவே பிரதிசெய்யும் முன் அளவைப் பார்ப்பதும், மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்வதும் இன்றியமையாதன. லோக்கல் மெஷினில் செஷன் மேனேஜர் சாவியின் கீழுள்ள கான்ஃபிகரேஷன் மேனேஜரில் எனேபிள்பீரியாடிக்பேக்கப் என்னும் 32 பிட் மதிப்பை உருவாக்கி 1 என இட்டால் பழைய வசதி மீண்டும் இயங்கும்.

மீட்புச் சூழலின் கட்டளைத் திரையில் வேலைசெய்யும்பொழுது விண்டோஸ் உள்ள பிரிவு சி என்றில்லாமல் டி அல்லது வேறெழுத்தில் தோன்றுவதுண்டு. பிட்லாக்கர் மூலம் மறையாக்கம் செய்யப்பட்ட வட்டாயின் அதன் மீட்புச் சாவி இல்லாமல் எதுவும் செய்ய இயலாது.

தற்காலிகப் பயனர் கோப்புறை

என்டியூசர்.டாட் கோப்பைத் திறக்க இயலாதபொழுது விண்டோஸ் பயனரை ஒரு தற்காலிகக் கோப்புறையுடன் உள்நுழைய விடும். மேசைத்தளம் வெறுமையாக இருப்பதைக் கண்டு கோப்புக்கள் யாவும் அழிந்துவிட்டதாகப் பலர் அஞ்சுவர். அவை பழைய கோப்புறையிலேயே இருக்கும். உண்மையான ஆபத்து வேறு: இந்நிலையில் மேசைத்தளத்திலோ ஆவணக் கோப்புறையிலோ சேமிக்கப்படுபவை வெளியேறும்பொழுது அழிக்கப்பட்டுவிடும். என்டியூசர்.டாட் நன்றாகவே இருந்து, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போன்ற ஏதேனும் ஒன்று அதனைப் பிடித்துவைத்திருந்ததால் மட்டும் இவ்வாறு நேர்ந்தால், கணினியை மீண்டும் தொடக்குவதே போதுமானதாக இருக்கலாம். போதாவிடில் பதிவகத்தின் புரொஃபைல்லிஸ்ட் சாவியில், ஒரே அடையாள எண்ணுடன் இரண்டு உட்சாவிகள் உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். அவற்றுள் பேக் என்னும் பின்னொட்டு உள்ளதே பயனரின் பழைய கோப்புறையைக் காட்டுவது. மற்றையதன் பெயரை மாற்றிவிட்டு இதன் பின்னொட்டை நீக்கினால் பழைய மேசைத்தளம் திரும்பும்.

நச்சுநிரல்கள்

கணினியுடன் தாமும் தொடங்குவதற்கு நச்சுநிரல்கள் பதிவகத்தின் ரன் சாவியையும், வின்லாகான் சாவியில் உள்ள யூசர்இனிட், ஷெல் ஆகிய மதிப்புக்களையும் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் நச்சுநிரலின் கோப்பை அழித்துவிட்டு, யூசர்இனிட் மதிப்பைத் திருத்தாமல் விட்டால், விண்டோஸ் இல்லாத கோப்பைத் தேடும். பயனர் கடவுச்சொல்லை இட்டு உள்நுழைந்தவுடனேயே வெளியேற்றப்படுவார். பாதுகாப்பான நிலையிலும் அவ்வாறே. மீட்புச் சூழலில் ரெக்எடிட்டைத் திறந்து, வட்டில் உள்ள சாஃப்ட்வேர் கோப்பை ஏற்றி, அம்மதிப்பைச் சரிசெய்தால் போதும். மீள நிறுவவேண்டியதில்லை.

2001 இல் பரவிய சர்கேம் என்னும் புழு, எக்ஸ்இ கோப்புக்களைத் திறக்கும் கட்டளையிலேயே தன் பெயரைச் செருகியது. புழுவின் கோப்பை மட்டும் அழித்தவர்களின் கணினியில் எந்த மென்பொருளும் திறக்கவில்லை, ரெக்எடிட் உட்பட. ரெக்எடிட்டின் பிரதி ஒன்றிற்குக் காம் என்னும் பின்னொட்டைக் கொடுத்துத் திறப்பதே அன்று கையாளப்பட்ட வழி. காம் கோப்புக்களுக்குரிய கட்டளையைப் புழு தொட்டிருக்கவில்லை.

துப்புரவு மென்பொருட்கள்

பதிவகத்தில் உள்ள பயனற்ற சாவிகளை நீக்கிக் கணினியின் வேகத்தைக் கூட்டுவதாகக் கூறும் மென்பொருட்கள் ஏராளம். சோதித்தவுடன் நூற்றுக்கணக்கான பிழைகள் எனச் சிவப்பில் காட்டுவது இவற்றின் வழக்கம். உண்மையில் பதிவகம் தேவையான சாவியை மட்டுமே கிளைவழியே தேடிச் செல்வது. சில நூறு சாவிகள் மிகுதியாக இருப்பதால் உணரத்தக்க தாமதம் எதுவும் ஏற்படாது. எது பயனற்றது என்பதையும் இம்மென்பொருட்கள் ஊகிக்கவே செய்கின்றன. மைக்ரோசாப்ட்டே விண்டோஸ் 95 காலத்தில் ரெக்கிளீன் என்னும் கருவியை வெளியிட்டுப் பின்னர் கைவிட்டது. இத்தகைய மென்பொருட்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்பதே அந்நிறுவனத்தின் பின்னைய நிலைப்பாடு.

கையால் மாற்றும்பொழுது

ரெக்எடிட்டில் செய்யும் மாற்றங்கள் உடனடியாகப் பதியப்படும். சேமிக்கும் பொத்தானும் இல்லை, செய்ததை மீளப்பெறும் கட்டளையும் இல்லை. மாற்றவிருக்கும் சாவியை முதலில் ஏற்றுமதி செய்துகொள்வது வழக்கம். ஆனால் ஏற்றுமதி செய்த கோப்பை மீண்டும் இறக்கும்பொழுது பழைய மதிப்புக்கள் திரும்புமேயன்றி, இடையில் புதிதாகச் சேர்த்தவை நீங்கா. அவற்றைத் தனியே அழிக்கவேண்டும். பெரிய மாற்றங்களுக்குச் சிஸ்டம் ரிஸ்டோரில் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்வதே பொருத்தமானது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பல கணினிகளில் இவ்வசதி நிறுத்தப்பட்டே வருவதால், கணினி நலமாக உள்ளபொழுதே சிஸ்டம் புரொடெக்ஷன் பகுதிக்குச் சென்று அதனை இயக்கிவைத்தல் வேண்டும்.