ஆச்சி காலத்து தையல் மிஷினுக்கு பார்ட்ஸ் கிடைக்காதா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன ஆவணியில் ஒரு ராத்திரி திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் பண்ணினார். "ஏட்டி, நம்ம மிஷின் தையல் விட்டு விட்டு விழுது. ரிப்பேர் பாக்குறவரு வந்து பாத்தாரு. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராதாம். எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அந்த கறுப்பு சிங்கர் மிஷின் ஆச்சிக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதில் அம்மா பிளவுஸ் தைத்த காசில்தான் என் டிப்ளமோ ஃபீஸ் கட்டினார். அன்றைக்கு அவர் கையில் ஏழு பிளவுஸ் ஆர்டர், முகூர்த்தத்துக்கு பத்தே நாள். எடைக்குப் போட்டால் பழைய இரும்பு விலைதான் வரும். அதை வைத்து புது மிஷினுக்கு ஸ்டாண்டுகூட வாங்க முடியாது.

பார்ட்ஸ் வராது என்பது உண்மையா? அம்மா மிஷினைப் பொறுத்தவரை அது சுத்தமான பொய். ஆனால் எல்லா பழைய மிஷினுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, கடையில் போய் எப்படிக் கேட்பது... இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மிஷினோட ஜாதகம்!

நான் செய்த முதல் தப்பு, அடுத்த நாளே பாரிமுனை பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் "பழைய சிங்கருக்கு ஷட்டில் இருக்கா அண்ணா?" என்று கேட்டது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "சிங்கர்ல எதும்மா? பழசைக் கொண்டாந்தியா?" வெறுங்கையோடு திரும்பினேன். பைக் ஸ்பேர்ஸ் கடையில் போய் 'ஹீரோ வண்டிக்கு செயின்' என்று கேட்பது மாதிரிதான் இது. சிங்கர் என்பது பிராண்ட் பெயர். கடைக்காரருக்கு வேண்டியது மாடல்.

அந்த மாடலை மிஷினே சொல்லும். ஹெட்டின் அடித்தட்டில், வலது பக்கத் தூண் ஓரமாக ஒரு நம்பர் அடித்திருக்கும். தூசியைத் துடைத்துவிட்டு மொபைலில் போட்டோ எடுங்கள். 1900-க்கு முந்தைய சிங்கர்களில் வெறும் எண்கள்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் முதலில் ஒன்றோ இரண்டோ ஆங்கில எழுத்து, அப்புறம் எண்கள். அந்த எழுத்து எந்த ஃபேக்டரி என்று சொல்லும். 'ஜி' என்றால் அமெரிக்காவின் நியூஜெர்சி. 'எஃப்', 'ஜே', 'ஒய்', 'ஈ' எல்லாம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க். சர்வதேச தையல் இயந்திர சேகரிப்பாளர்கள் சங்கம் இந்த நம்பர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் நம்பரைத் தேடினால் மாடலும் வருஷமும் வரும். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் இருந்தது 'ஈ' எழுத்து. மாடல் 15 கே, 1950-களின் தொடக்கத்தில் செய்தது. ஆச்சி கல்யாணக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

அந்த 'கே' என்பது கில்போவி. கிளைட்பேங்கில் ஃபேக்டரி இருந்த இடத்தின் பெயர். 1913-ல் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் மிஷின் செய்து அனுப்பிய ஃபேக்டரி அது. 1980-ல் மூடிவிட்டார்கள். அங்கே இருக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு மட்டும் இன்றும் பெயர் 'சிங்கர்'தான். ஃபேக்டரியே போயிடுச்சே, அப்புறம் பார்ட்ஸ் எங்கேயிருந்து வரும் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதையில் ட்விஸ்ட்.

15 வகுப்பு என்றால் கவலையே இல்லை

சிங்கரின் 15-ஆம் வகுப்பு டிசைனை உலகமே காப்பி அடித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான் கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்தன. நம் ஊரில் 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினீயரிங் ஒர்க்ஸின் உஷா உட்பட, நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கறுப்பு வீட்டு மிஷின்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இந்த டிசைன் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. பஞ்சாபின் லூதியானாவில் தையல் மிஷினும் அதன் உதிரிபாகங்களும் செய்யும் பட்டறைகள் ஏராளம். எழுபது வருஷத்து ஸ்காட்லாந்து மிஷினுக்கு லூதியானா ஷட்டில் பொருந்துவது அதனால்தான்.

உங்களுடையது 15 வகுப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாபினைப் பாருங்கள். ஊசிக்கு இடது பக்கம், தகட்டை நகர்த்தினால் வட்டமான பாபின் கேஸ் பக்கவாட்டில் நிற்கும். அதைப் பிடித்து வெளியே இழுக்கலாம். உள்ளே இருக்கும் பாபின் இரண்டு பக்கமும் தட்டையாக, சுமார் 20 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். இப்படி இருந்தால் ஊசி, பாபின், பாபின் கேஸ், ஷட்டில், டென்ஷன் செட், செக் ஸ்பிரிங், ஃபுட் என எல்லாமே புதுசாகவே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாபின் கேஸில் ஒரு சின்ன விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சில மிஷினுக்கு அது கடிகாரத்தில் 11 மணி திசையிலும், சிலதுக்கு 1 மணி திசையிலும் இருக்கும். மாற்றி வாங்கினால் உட்காராது. அதனால் பழசைக் கையோடு கொண்டு போங்கள். ஊரிலிருந்து அனுப்ப முடியாதென்றால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் போனேன். கடைக்காரர் போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டு, "இதுவா? அஞ்சு நிமிஷம் உட்காரும்மா" என்றார்.

புது பாபின் கேஸ் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. கடையிலேயே டெஸ்ட் பண்ணலாம். நூல் சுற்றிய பாபினை உள்ளே போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன் எடையில் சரசரவென்று இறங்கக் கூடாது. கையை லேசாக வெட்டினால் ஓரிரு இன்ச் இறங்கி நிற்க வேண்டும். உள்ளே பாபின் தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

மற்ற மாடல்கள்

பாபினை மேலிருந்து போடும் மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் 66 கே அல்லது அதன் தம்பி 99 கே. 201 கே-யும் இதே பாபினைத்தான் எடுக்கும். இதன் பாபின் 15-உடையதைவிட உயரம் கொஞ்சம் குறைவு, மேலும் கீழும் லேசான குவிவு இருக்கும். பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று போட்டால் தையல் சொதப்பும். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

படகு மாதிரி நீளமான ஷட்டிலும், அதற்குள் மெல்லிய குச்சி மாதிரி பாபினும் இருந்தால் அது 27, 28, 127, 128 வரிசை. இதுதான் கஷ்டமான கேஸ். இதற்கான ஷட்டிலும் பாபினும் வெளிநாடுகளில் புதுசாகச் செய்து விற்கிறார்கள், ஆன்லைனில் வரவழைக்கலாம். நம் ஊர்க் கடைகளில் பழைய ஸ்டாக் மாட்டினால் அதிர்ஷ்டம். நல்ல செய்தி ஒன்று: இவற்றுக்கும் ஊசி சாதாரண 15x1 தான்.

ஊசி விஷயத்தில் இன்னொன்று. வீட்டு மிஷின் ஊசியில் மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மென்ட்ஸ் பவர் மிஷின் ஊசி முழுக்க உருண்டை. திருப்பூர், ஈரோடு பக்கம் 'மிஷின் ஊசி' என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டாவதைத் தூக்கிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. பழைய ஊசியைக் கழற்றும் முன்பு அந்தத் தட்டைப் பக்கம் எங்கே பார்த்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் ஒரு தையல்கூட விழாது. அப்புறம் மிஷின் மேல் பழி விழும். பருத்தி பிளவுஸுக்கு 14, கெட்டித் துணிக்கு 16 அல்லது 18.

பார்ட்ஸே வேண்டாமா இருக்கலாம்!

வீல் சுற்றாமல் இறுகிக் கிடக்கும் மிஷின்களில் பாதிக்குப் பாதி எதுவும் உடைந்திருக்காது. குற்றவாளி நம் சமையலறையில் இருக்கிறார்: தேங்காய் எண்ணெய். மிஷின் ஆயில் தீர்ந்துபோனால் 'ஒரு சொட்டு இதை விடுவோமே' என்று விட்டிருப்பார்கள். அது நாளாக நாளாகப் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விடும் ஓட்டைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, வீலை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். பலமாகத் திருகாதீர்கள். கறுப்பாக வடியும், துடைத்துவிட்டு மிஷின் ஆயில் விடுங்கள். ஷட்டிலைக் கழற்றி உள்ளே சிக்கிய நூல் துணுக்கையும் எடுத்துவிடுங்கள்.

துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் பாபின் கேஸைத்தான் மாற்றுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அழுக்கு அடைத்திருக்கும், அல்லது செக் ஸ்பிரிங் உடைந்திருக்கும். கால் மிஷின் பெல்ட் வழுக்கினால் புதுசு வாங்கும் முன்பு கொக்கியைக் கழற்றி அரை இன்ச் வெட்டி மாட்டிப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றாவிட்டால் அந்தச் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். டீ செலவுதான்.

அம்மா மிஷினில் என்ன ஆகியிருந்தது தெரியுமா? எப்போதோ ஊசி உடைந்து ஷட்டிலில் மோதி, அதன் கூர்நுனி மழுங்கிவிட்டது. அந்த நுனிதான் ஊசி நூலைக் கொக்கி போட்டு இழுக்கும். அது மழுங்கினால் தையல் விட்டுத்தான் விழும். அந்தப் பிறை வடிவ ஷட்டில் ஒன்று, செக் ஸ்பிரிங் ஒன்று, ஒரு பாக்கெட் ஊசி. கூரியர் செலவையும் சேர்த்தாலும், ஒரு பிளவுஸ் தைக்கும் கூலியை ஒட்டித்தான் வந்தது.

கடையில் கிடைக்காவிட்டால்?

சிங்கர் ஸ்க்ரூக்களுக்கு மரை கணக்கு தனி. ஹார்டுவேர் கடை ஸ்க்ரூவை வைத்து முறுக்கினால் உள்மரை போய்விடும். அப்புறம் செலவு இரட்டிப்பு. ஸ்க்ரூ தொலைந்தால் அதே மாடலின் பழைய ஹெட்டிலிருந்து எடுப்பது நல்லது. இல்லையென்றால் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். பெடலையும் வீலையும் இணைக்கும் கட்டை உடைந்தால் தச்சரே செய்து தருவார். ஸ்டாண்டு வார்ப்பிரும்பு என்பதால் விரிசலுக்குச் சாதாரண வெல்டிங் நிற்காது. வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய ஹெட் எங்கே கிடைக்கும்? சென்னையில் 1985 தீ விபத்துக்குப் பிறகு அல்லிக்குளம் பக்கம் மாறிய மூர் மார்க்கெட், ஊர் ஊருக்கு இருக்கும் பழைய இரும்புக் கடைகள், காரைக்குடியின் பழம்பொருள் கடைகள். இதில் ஒரு சின்ன ட்ரிக் இருக்கு. காஃபி ஷாப்களில் சிங்கர் ஸ்டாண்டை டேபிளாக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாண்டுக்குத்தான் அங்கே மவுசு. அதைச் செய்து விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஹெட் அவர்களுக்கு வேண்டாத சரக்கு. (ஓடுற மிஷினைப் பிரித்து அதன் மேல் கப்புச்சினோ வைப்பதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. அது வேற கதை!)

'பழைய சிங்கருக்கு லட்ச ரூபாய் தருகிறோம்' என்று யாராவது வந்தால் உஷார். மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்று ஒரு வதந்தி. 2009-ல் சவுதி அரேபியாவில் இதை நம்பி மக்கள் பழைய சிங்கர்களுக்கு ஆயிரக்கணக்கில் ரியால்களைக் கொட்டினார்கள். அப்படி எதுவும் அதற்குள் கிடையாது. வெறும் இரும்பும் எஃகும்தான்.

எப்போது விட்டுவிடலாம்? ஹெட்டின் வார்ப்பே விரிசல் விட்டிருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கி உள் தண்டுகள் துருவால் அரித்திருந்தாலோ போராட வேண்டாம். ஆனால் அப்போதும் எடைக்குப் போடாமல், பார்ட்ஸுக்காக ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள். இன்னொரு வீட்டு மிஷின் அதனால் ஓடும். பழைய மோட்டார் மாட்டிய மிஷின் என்றால், ஒயரின் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பார்த்து, எலெக்ட்ரீஷியனிடம் மாற்றிய பிறகே பிளக்கில் சொருகுங்கள்.

கூரியர் போய்ச் சேர்ந்த அன்று மதியம் வீடியோ காலில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ சும்மா இரு ஏட்டி, எனக்குத் தெரியும்" என்று அம்மா மொபைலை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டார். பத்து நிமிஷம் அவர் முதுகுதான் தெரிந்தது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. ஏழு பிளவுஸும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்தன.