செட்டிநாட்டு வீடுகளில் ஒலிபெருக்கி: கிராமபோன் முதல் ஹோம் தியேட்டர் வரை

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் வீட்டுக்கு வாங்கப்பட்ட ஒலிக்கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. பிள்ளையார்பட்டி, காரைக்குடி, தேவகோட்டை எனப் பரந்து கிடக்கும் செட்டிநாட்டுக்கு அந்த வரலாற்றில் தனி இடம் இருக்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. இசைத்தட்டு வணிகத்திலிருந்து பேசும்படத்துக்கு வந்து தமிழ்த் திரை ஒலியில் பல முதல் முயற்சிகளைச் செய்த ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில் பிறந்தவர் என்பது ஒன்று. உயர்ந்த கூரையும் வழவழப்பான சுவரும் கொண்ட இப்பகுதி வீடுகள், எந்த ஒலிபெருக்கியையும் சோதித்துப் பார்த்துவிடும் இயல்புடையவை என்பது மற்றொன்று. இக்கட்டுரை ஒலிக்கருவிகள் மாறிவந்த வரலாற்றைச் சொல்லி, அந்த வரலாறு இன்று ஹோம் தியேட்டர் வாங்குபவருக்கு எப்படிப் பயன்படும் என்பதையும் விளக்குகிறது.

சாவி கொடுத்தால் பாடும் பெட்டி

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை எடிசன் 1877இல் உருவாக்கினார். உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் பதியும் முறையை எமிலி பெர்லினர் 1887இல் கொண்டுவந்தார். நம் வீடுகளுக்கு வந்த கிராமபோன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் தட்டை நிமிடத்துக்கு 78 முறை சுழற்றும். ஊசியின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டில் ஒலியாக மாறும். அந்த ஒலியைப் பெரிதாக்கித் தருவது கூம்பு வடிவக் குழாய் மட்டுமே. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். எஃகு ஊசி விரைவில் தேயும் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். எனவே அக்காலத்தில் ஒலியை மேம்படுத்துவது என்றால் நல்ல ஊசி வாங்குவது என்று பொருள்.

1925ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. மைக்கைக் கொண்டு மின்முறையில் பாட்டைப் பதிவது அவ்வாண்டில் வணிகமுறையில் வழக்குக்கு வந்தது. அதே ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய ஒலிபெருக்கிக்கு அடிப்படையான வடிவத்தை வெளியிட்டனர். காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை எழுப்பும். இன்று பல லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒலிபெருக்கிகளிலும் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

காரைக்குடியும் இசைத்தட்டும்

ஏ. வி. மெய்யப்பன் 1907இல் பிறந்தார். அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. தட்டை விற்றால் மட்டும் போதாது, தாமே பதிந்து வெளியிட வேண்டும் என்ற எண்ணமே மெய்யப்பனைச் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நோக்கியும், பின்னர்ப் படத் தயாரிப்பு நோக்கியும் கொண்டு சென்றது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படுகிறது. அதன்பின் பாட்டு இல்லாத படத்தை எண்ணிப் பார்க்கவே இயலாத நிலை ஏற்பட்டது.

நடிப்பவரே பாடியாக வேண்டும் என்ற கட்டாயத்தை அவருடைய ‘நந்தகுமார்’ (1938) தளர்த்தியது. தமிழில் பின்னணிக் குரல் பயன்பட்ட முதல் படம் அது என்பர். கன்னட ‘ஹரிச்சந்திரா’வை 1944இல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். போர்க்காலத்தில் தம் படப்பிடிப்பைக் காரைக்குடிக்கே கொண்டுவந்தார். 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. அதில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் இசைத்தட்டுகளின் வழியே வீடு வீடாகப் பரவின. திரையரங்க ஒலியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசைக்கு அந்த இசைத்தட்டுகள்தாம் தொடக்கம் எனலாம்.

வானொலி: ஊருக்கு ஒரு பெட்டி

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இல் தொடங்கப்பட்டது. கழகம் நின்றபின் சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் ஒலிபரப்பைத் தொடங்கின. செட்டிநாட்டு வீடுகளுக்குத் திருச்சி நிலையமே நெருக்கமானது.

வால்வு ரேடியோ மரப்பெட்டிக்குள் அமைந்தது. திருகியவுடன் பாடாது, வால்வுகள் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். மாடியில் ஏரியல் கம்பி கட்ட வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டி வாங்க இயலாதவர்களுக்கு ஊராட்சி வானொலி இருந்தது. மாலையில் அதன் முன் ஊரே கூடும். 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவிய ஏ.டி.டி. 27 என்ற நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஓர் ஒலிபெருக்கி ஊரின் பயிரையே மாற்றியது என்பதற்கு இது நல்ல சான்று.

திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஒலித்தது வேறொரு கருவி. மரக்கிளையிலும் கம்பத்திலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கியைத் தென்மாவட்டங்களில் ‘குழாய் ரேடியோ’ என்பார்கள். பேச்சொலியைத் தொலைவுக்கு அனுப்புவதே அதன் வேலை. தாழ்ந்த சுரங்களை அது சரிவரத் தராது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில்தான் வந்தன.

டிரான்சிஸ்டரும் மண்பானையும்

டிரான்சிஸ்டர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் வானொலிப் பெட்டி கைக்கு அடக்கமானது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேம்பாடு என்று நாம் நினைக்கும் மாற்றத்தில் இழப்பும் கலந்திருக்கும். பெட்டி சிறுத்தபோது அதனுள் இருந்த ஒலிபெருக்கியும் சிறுத்தது. பழைய மரப்பெட்டியின் கனத்த ஒலி, கைப்பெட்டியில் கிடைக்கவில்லை. மக்கள் எளிமையைப் பெற்றார்கள், ஒலியின் நிறைவை விட்டுக்கொடுத்தார்கள்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட் 1980களில் தமிழகச் சிற்றூர்களை ஆண்டது. விருப்பப் பாடல்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் ஊர்தோறும் தோன்றின. பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969இல் உருவான சென்னை பர்மா பஜாரில் வெளிநாட்டு டேப் ரெக்கார்டர்கள் கிடைத்தன. ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி, உள்ளூர் மெக்கானிக்குகள் ஆம்ப்ளிஃபையர்களை ‘அசெம்பிள்’ செய்து தந்தார்கள்.

அக்காலத்தின் சுவையான கண்டுபிடிப்பு மண்பானை ஸ்பீக்கர். பானையின் வாயில் ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டால் ஒலி திடீரெனக் கனக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை. கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பானை பின்பக்க ஒலியைத் தனக்குள் அடைத்து வைக்கிறது. வளைந்த சுட்ட மண் விறைப்பானது ஆகையால் மெல்லிய பலகைப் பெட்டியைப் போல் அதிர்வதும் இல்லை. விலை உயர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்பவர்களும் இந்த இரண்டு நோக்கங்களுக்காகவே உழைக்கிறார்கள்.

இரண்டு காதுகளுக்கு ஆறு ஒலிபெருக்கிகள்

இரு ஒலிபெருக்கிகளால் இட உணர்வைத் தரும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் புளும்லைன் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தமிழில் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் படமாக இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ (1978) குறிப்பிடப்படுகிறது. டால்பி ஸ்டீரியோவைத் தமிழுக்குக் கொண்டுவந்த படமாகக் ‘குருதிப்புனல்’ (1995) அறியப்படுகிறது.

டால்பி நிறுவனம் 1982இல் வீட்டுக்கான சூழொலி முறையை அறிமுகம் செய்தது. 1996இல் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தபின் 5.1 என்ற எண் பரவியது. முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, ஆக ஐந்து ஒலிபெருக்கிகள். ‘.1’ என்பது தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டுமான சப்-வூஃபரைக் குறிக்கும். வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியில் வரும். ஆகவே வீட்டுப் பெரியவர்கள் ‘பேச்சே புரியலை’ என்றால் சப்-வூஃபரைக் கூட்டுவதில் பயனில்லை. நடு ஒலிபெருக்கியைக் கவனிக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

ஒலிபெருக்கிப் பெட்டிகளின்மேல் பல்லாயிரம் வாட் என்று அச்சிட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த எண் பி.எம்.பி.ஓ. எனப்படும். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட்டையே கேட்டறிய வேண்டும். வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகாது; 3 டெசிபல் மட்டுமே கூடும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவது காதுக்குச் சிறிய படிதான். அதே 3 டெசிபலை, ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் தரும் ஒலிபெருக்கிக்குப் பதிலாக 89 டெசிபல் தருவதை வாங்கினாலும் பெறலாம். ஆம்ப்ளிஃபையர் எத்தனை ஓம் ஒலிபெருக்கியைத் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்கு நன்கு பழகிய பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பது எல்லாவற்றினும் சிறந்த சோதனை.

வீடே ஒரு கருவி

செட்டிநாட்டு வீட்டின் பட்டாலையில் கை தட்டிப் பாருங்கள். ஓசை உடனே ஓயாது. முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண் ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலிச் சிக்கலை 1895 முதல் ஆராய்ந்த வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளை அடுக்கியும் எடுத்தும் அளந்து ஒரு விதியைக் கண்டார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 243, சுற்றுப்பரப்பும் 243. பரப்பு நூற்றுக்கு நான்கு பங்கு ஒலியையே உறிஞ்சினால் நேரம் சுமார் 4 வினாடி. நூற்றுக்கு இருபது பங்கு உறிஞ்சினால் 0.8 வினாடி. நாகசுரத்துக்கு நீண்ட எதிரொலி அழகு சேர்க்கலாம். படத்தின் வசனத்துக்கு அது பகை. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மோதும்.

இத்தகைய கூடத்தில் எந்த விலைக்கு ஒலிபெருக்கி வாங்கினாலும் குறை தீராது. கனத்த ஜமுக்காளம், திரைச்சீலை, மெத்தை இருக்கை, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை தீர்க்கும். மெல்லிய விரிப்புகள் உயர்ந்த ஒலிகளையே அடக்கும். தாழ்ந்த ஒலிகளுக்குப் பருமனான பொருள்கள் தேவை. சிறிய அறையைத் தேர்ந்தெடுப்பது இன்னும் எளிது. கருவியை மாற்றும் முன் இடத்தை மாற்று என்பதே இந்த நூறாண்டு வரலாறு தரும் பாடம்.

மாற்ற இயலாத ஒன்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளை, பீங்கான் பொருள்களோடு கிராமபோன் குழாய்களும் மரப்பெட்டி ரேடியோக்களும் விற்பனைக்கு இருக்கின்றன. பூட்டிய வீடுகள் பெருகப் பெருக அவை அங்கே வந்து சேர்கின்றன. பெட்டியை அழகுக்காக வாங்குவோர் உண்டு. அதனோடு கிடந்த கேசட்டுகளை வாங்குவார் இல்லை. வீட்டார் தாமே பதிந்தவற்றில் பாட்டியின் தாலாட்டு, திருமணத்தன்று பதிந்த நாகசுரம், வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய குரல் எனப் பல இருக்கக்கூடும். நாடாவின் காந்தப் பூச்சு ஈரத்திலும் வெப்பத்திலும் நாளடைவில் கெடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களே, அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாயின. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், தம் வீட்டு நாடாக்களைக் கணினிக் கோப்பாக மாற்றி, யார் குரல், எந்த ஆண்டு என்று எழுதி வைப்பது மாணவர்களுக்கும் இயலும். ஒலிபெருக்கியை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அழிந்த குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.