லேபுக்கே தண்ணி காட்டிய ஸ்டீராய்டு... கடைசியில் சிக்கியது எப்படி?

2003-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு ஒரு சிரிஞ்ச் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஒரு தடகள பயிற்சியாளர். "எந்த டெஸ்ட்டிலும் சிக்காத ஸ்டீராய்டு" என்பதுதான் தகவல். லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேட்லின் தலைமையில் இயங்கிய ஆய்வகம் அதை ஆராய்ந்தது.

ஸ்டீராய்டை கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் இருப்பது, ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்குதான். அதோடு ஒரே எடை கொண்ட ஹார்மோன்களும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன், எபிடெஸ்டோஸ்டிரோன் இரண்டும் எடையில் ஒன்றே, வடிவத்தில்தான் சின்ன வித்தியாசம். அதனால் முதலில் பிரிக்க வேண்டும்.

குரோமட்டோகிராபின்னா என்ன?

ரங்கநாதன் தெருவுக்குள் ஒரே நேரத்தில் நுழையும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் கடை கடையாக நிற்பார்கள், சிலர் நேராக ஸ்டேஷனுக்கு போய்விடுவார்கள். மறுமுனையில் ஆளுக்கொரு நேரத்தில்தான் வெளியே வருவார்கள். ஆய்வகத்தில் தெருவுக்கு பதில் மெல்லிய குழாய். அதன் உட்பூச்சில் அதிகம் ஒட்டும் பொருள் லேட்டாக வரும். வெளியே வருவதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி துண்டு துண்டாக உடைத்து எடை பார்க்கும். அந்த துண்டுகள்தான் அந்த பொருளின் கைரேகை.

அப்போ இது மட்டும் எப்படி தப்பியது?

அன்று வழக்கமாக செய்யப்பட்டது கேஸ் குரோமட்டோகிராபி. இதில் மாதிரியை சூடாக்கி ஆவியாக்க வேண்டும். டி.எச்.ஜி. எனப்படும் இந்த ஸ்டீராய்டு அந்த சோதனையில் சிதைந்துவிடும். போதாக்குறைக்கு, இப்படி ஒரு மருந்து இருப்பதே யாருக்கும் தெரியாது. தேடும் பட்டியலில் பெயரே இல்லை.

கேட்லின் குழு அதன் வடிவத்தை கண்டறிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே பொருளை தயாரித்தும் வைத்துக்கொண்டது. பிறகு ஆவியாக்க தேவையில்லாத திரவ குரோமட்டோகிராபியில் சோதித்தபோது டி.எச்.ஜி. மாட்டிக்கொண்டது.

அடுத்து என்ன நடந்தது?

சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகள் மீண்டும் சோதிக்கப்பட்டன. பிரிட்டன் ஓட்டப்பந்தய வீரர் டுவைன் சேம்பர்ஸுக்கு 2 ஆண்டு தடை. அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் எந்த டெஸ்ட்டிலும் டி.எச்.ஜி.க்காக சிக்கவில்லை. ஆனால் 2007-ல் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு, சிட்னி ஒலிம்பிக்கில் வென்ற 5 பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது மாதிரிகளை 10 ஆண்டுகள் வரை வைத்திருந்து மறுபடியும் சோதிக்கலாம். இன்று 'நெகட்டிவ்' என்று வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை.