டோன், தியோபால்ட் வுல்ஃப்

டோன், தியோபால்ட் வுல்ஃப் (20 ஜூன் 1763 – 19 நவம்பர் 1798): அயர்லாந்துக் குடியரசுவாதப் புரட்சியாளர், வழக்கறிஞர், ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவர். டப்ளினில் குதிரை வண்டி செய்பவரின் மகனாகப் பிறந்து, டிரினிட்டி கல்லூரியில் பயின்றார்.

புராட்டஸ்டன்ட் பிரிவினராயினும், கத்தோலிக்கரின் அரசியல் உரிமைகளுக்காக வாதிடும் சிறுநூலை 1791இல் வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்ஃபாஸ்ட்டில் சங்கம் தோன்றியது. நாடாளுமன்றச் சீர்திருத்தத்தையே முதலில் கோரிய அது, 1794இல் ஒடுக்கப்பட்டபின் பிரிட்டனிடமிருந்து முழு விடுதலையை நாடும் இரகசிய அமைப்பாயிற்று. கத்தோலிக்கக் குழுவின் உதவிச் செயலராகவும் டோன் பணியாற்றினார்.

பிரெஞ்சு உளவாளி ஒருவருடனான தொடர்பு வெளிப்பட்டதால் 1795இல் அமெரிக்கா சென்றார். 1796இல் பாரிசை அடைந்து படை உதவி கோரினார். பிரெஞ்சுத் தளபதி ஓஷின் தலைமையில் 43 கப்பல்களில் ஏறத்தாழ 14,000 வீரர்கள் டிசம்பரில் அயர்லாந்துக்குப் புறப்பட்டனர். தளபதியின் கப்பல் வழியிலேயே பிரிந்துபோயிற்று. பான்ட்ரி வளைகுடாவை எட்டிய கப்பல்கள் கரையை நெருங்கியும் கடும் புயலால் படையை இறக்க இயலாது திரும்பின. டோனின் முயற்சிகளுள் வெற்றிக்கு மிக அருகில் வந்தது இதுவே எனலாம்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் ஐக்கிய ஐரிஷ்காரர் நடத்திய 1798 எழுச்சி பெரும்பாலும் அடங்கிய பின், அக்டோபரில் மற்றொரு பிரெஞ்சுக் கப்பற்படையுடன் வந்து சிறைப்பட்டார். டப்ளின் இராணுவ நீதிமன்றத்தில் பிரெஞ்சு அதிகாரியின் சீருடையில் நின்று, போர்வீரனுக்குரிய முறையில் சுட்டுக்கொல்லுமாறு கேட்டார். தூக்குத் தண்டனையே விதிக்கப்பட்டது. சிறையில் தம் கழுத்தை அறுத்துக்கொண்டு, சில நாள்களில் இறந்தார்.

கில்டேர் மாவட்டம் போடன்ஸ்டவுனில் உள்ள இவர் கல்லறையில் ஐரிஷ் குடியரசுவாதிகள் ஆண்டுதோறும் கூடுகின்றனர். இவருடைய நாட்குறிப்புகள், தன்வரலாற்றுக் குறிப்புகள் ஆகியவற்றை மகன் வில்லியம் 1826இல் வாஷிங்டனில் பதிப்பித்தார்.