நான்கு கட்டத்துக்குள் ஒரு தொப்பி

இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடி, 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வந்தது. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் அதை வைர வடிவில் அமைத்தார். 1942-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிர் வெளியிடத் தொடங்கியபோது அந்தப் புதிரின் ஆசிரியராக இருந்தவர் மார்கரெட் ஃபாரர். அமெரிக்கப் புதிருக்கு விதிகள் உறுதிப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது. கறுப்புக் கட்டங்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் எழுத்தும் குறுக்கிலும் நெடுக்கிலும் பொருந்த வேண்டும்.

சிக்கல் அந்தக் கடைசி விதியில்தான். பிரிட்டிஷ் புதிரில் பல எழுத்துகள் ஒரு சொல்லுக்கு மட்டுமே உரியவை. அமெரிக்கப் புதிரில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே உயிரெழுத்து மிகுந்த குட்டிச் சொற்கள் இல்லாமல் மூலைகள் நிரம்புவதில்லை. ஆங்கிலத்துக்குள் வந்திருந்த பிரெஞ்சுச் சொற்கள் அந்த இடத்துக்கு வாகாக அமைந்தன. ஊசி, கத்தரிக்கோல் வைக்கும் சிறு பெட்டியான ‘எட்வீ’யில் இருப்பது நான்கே எழுத்து, அவற்றில் மூன்று உயிர். பிரெஞ்சில் எழுத்தின் தலைமேல் நிற்கும் குறிகளைக் கட்டங்கள் கண்டுகொள்வதில்லை. தையல் பெட்டியை அந்தப் பெயரால் அழைக்காதவர்களும் புதிரில் மட்டும் தயங்காமல் அதை எழுதினார்கள்.

தலைக்கவசப் பெயர்களும் இப்படியே நுழைந்தன. ‘ஹெல்மெட்’டே ஜெர்மானிய வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். 15-ஆம் நூற்றாண்டு வீரனின் முகம் முழுவதையும் மூடிய ‘ஆர்மெட்’, ஸ்பானியப் படையினரின் ‘மோரியன்’ ஆகியவை போர்க்களத்தை விட்டுப் போன பிறகும் கட்டங்களில் வேலை பார்த்தன. ‘காஸ்க்’ பிரெஞ்சுச் சொல். இருவாச்சியின் அலகு மேலுள்ள புடைப்புக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

‘கெப்பி’ கவசமே அல்ல, முன்விளிம்பு வைத்த துணித் தொப்பி. சுவிஸ் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல் அது. வின்னின் புதிர் வந்த எட்டாம் மாதம் பிரெஞ்சுப் படை அந்தத் தொப்பியோடுதான் முதல் உலகப் போருக்குள் இறங்கியது. துணி குண்டுச் சிதறலைத் தடுக்காது என்பது விரைவிலேயே விளங்கிவிட, 1915-இல் ‘ஏட்ரியன்’ எஃகுக் கவசம் வந்தது. புதிருக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே கெப்பி நீடித்தது.

‘டோப்பி’ இந்தியாவிலிருந்து போனது, நம் ‘தொப்பி’யின் உறவு. அந்தப் பெயரில் வெள்ளைக்கார அதிகாரிகள் அணிந்த வெயில் கவசம் ‘சோலா’ தக்கையால் ஆனது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோயில் மாதிரிகளைச் செதுக்குவதும் அந்த நெட்டியில்தான். ‘சோலா’ செடியின் பெயர் என்று அறியாத ஆங்கிலேயர் பலர் அதைச் சூரியனைக் குறிக்கும் ‘சோலார்’ ஆக்கிக்கொண்டார்கள். ‘டோப்பி’யின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலையாக இல்லாததும் புதிர் அமைப்போருக்கு லாபம்: நாலெழுத்தாகவும் ஐந்தெழுத்தாகவும் அதைப் போடலாம்.

1993-இல் வில் ஷார்ட்ஸ் ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிரின் ஆசிரியரானார். வழக்கில் உள்ள சொற்களுக்கும் வணிகப் பெயர்களுக்கும் இடம் பெருகியது. எட்வீயும் ஆர்மெட்டும் அருகின. நான்கில் மூன்று உயிர் கொண்ட ‘ஓரியோ’ பிஸ்கட் இப்போது அந்த மூலைகளில் அடிக்கடி வந்து உட்காருகிறது.