ஒரு மா நிலம்னா எவ்வளவு?

டெல்டா பக்கம் யார்கிட்டயாவது "எவ்வளவு நிலம்?"னு கேட்டுப் பாருங்க. வயசானவங்க "ஆறு மா"ம்பாங்க. பட்டணத்து நண்பர்கள் மா-ன்னா ஏக்கர் மாதிரி ஒரு அளவுன்னு நெனச்சுக்குவாங்க. அது பாதி உண்மை. மா-ங்கிறது முதல்ல ஒரு எண்: இருபதில் ஒரு பங்கு, 1/20.

எங்க பக்கம் வேலிதான் முழுசு, அதாவது "ஒன்று". அதுல 1/20 ஒரு மா. மாவுல கால் பங்கு காணி, 1/80. காணியில கால் பங்கு முந்திரி, 1/320. பாயசத்துல போடுற முந்திரி வேற! மாவும் காணியும் சேர்ந்தா மாகாணி, 1/16. திண்ணைப் பள்ளியில எண்சுவடியை வச்சு இதையெல்லாம் பிள்ளைங்க மனப்பாடமா ஒப்பிச்சாங்க.

நிலத்துல பார்த்தா, 100 குழி ஒரு மா. குழிக்கு 144 சதுர அடின்னு வச்சா ஒரு மா சுமார் 33 சென்ட். முந்திரி 900 சதுர அடி, உங்க ஊர் ஃபிளாட் அளவு. அதுக்குக் கீழேயும் கணக்கு உண்டு. "கீழ்"னு முன்னாடி சேர்த்தா மறுபடி 320-ஆல வகுக்கணும். கீழ்முந்திரி 1/1,02,400. இன்றைய வேலிக்கு அது மூணு சதுர அடி கூட வராது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் கொடுத்த ஊர்களோட நிலத்தை இந்தக் கீழ்க்கணக்கு வரைக்கும் வெட்டியிருக்காங்க. வாய்க்கால், சுடுகாடுன்னு வரி இல்லாத இடத்தையெல்லாம் கழிச்சு மிச்சத்தைச் சொல்ல அவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டிருக்கு.

ஆனா ஒரு எச்சரிக்கை. செங்கல்பட்டுப் பக்கம் காணின்னா 24 மனை, 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். எங்க காணியோ வெறும் 3,600 சதுர அடி. இலங்கையில காணின்னாலே நிலம்தான். பழைய பத்திரம் படிக்கிறவங்க எந்த ஊர்க் காணின்னு மொதல்ல பார்க்கணும்.

இன்னிக்குப் பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு இருக்கு. ஒரு மா நிலத்தை நாலு பிள்ளைங்க பிரிச்சா ஆளுக்கு சுமார் 3.34 ஏர். அதைப் படிச்சா பங்கு சரியா வந்திருக்கான்னு எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் புரியாது. "ஆளுக்கொரு காணி"ன்னா புரியும். வேலியில எத்தனையில ஒரு பங்குன்னு அந்தப் பேரே சொல்லிடுது. மாவும் காணியும் பேச்சுலருந்து போனா, பங்கைத் தானே சரிபார்க்கிற தைரியமும் அந்த அம்மாகிட்டருந்து போயிடும்.