ஞானவாதத்தின் தோற்றமும் பண்டைய எகிப்தியச் சமய நம்பிக்கையும்

முன்னுரை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் பரவிய சமயச் சிந்தனைகளுள் குறிப்பிடத்தக்கது ஞானவாதம். அறிவு எனப் பொருள்படும் 'க்னோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாக இது பெயர்பெற்றது. காணும் உலகைப் படைத்தவன் பரம்பொருள் அல்லன், அறியாமையுடைய தாழ்ந்த ஒருவனே. மனிதனுள் உறையும் ஒளிக்கூறு தன் மூலத்தை அறிந்து இவ்வுலகினின்று விடுபடுதலே வீடுபேறு என்பது இதன் சாரம். இச்சிந்தனைக்குப் பண்டைய எகிப்தியச் சமயமே பிறப்பிடம் என்னும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிஞர்தம் கருத்துகள்

கி.பி. 180 அளவில் மறுப்பு நூல் எழுதிய இரனேயு, சமாரியா நாட்டுச் சீமோனை இக்கொள்கையின் முதல்வராகக் காட்டினார். அமெலினோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1887இல் எகிப்திய மூலத்தை வலியுறுத்தினார். பிரீட்லெண்டர் 1898இல், கிறித்தவத்திற்கு முன்பே அலெக்சாந்திரிய யூதரிடையே இது தோன்றியது என்றார். பூசெட் 1907இல் ஈரானையும் பாபிலோனையும் சுட்டினார். ஆர்னாக், கிறித்தவம் கிரேக்கச் சிந்தனையில் மிகுதியாகத் தோய்ந்ததன் விளைவாக இதனைக் கண்டார். இவர்கள் பெரும்பாலும் ஞானவாதத்தை எதிர்த்தோரின் எழுத்துகளையே சான்றாகக் கொள்ள வேண்டியிருந்தது.

நாக் ஹம்மாதிச் சுவடிகள்

1945இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே 13 பப்பைரஸ் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் 52 நூல்கள் உள்ளன. சில நூல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. ஏழாம் சுவடியின் அட்டைக்குள் ஒட்டப்பட்டிருந்த பழைய ஆவணங்களில் கி.பி. 341, 346, 348 ஆகிய ஆண்டுகள் காணப்படுகின்றன. எனவே இது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதன்று. இந்நூல்கள் எகிப்திய மொழியின் இறுதி வடிவமாகிய கோப்து மொழியில் அமைந்துள்ளமையால், எகிப்திய மூலக் கொள்கை வலுப்பெற்றதாகத் தோன்றும்.

ஆயினும், நூல் கிடைத்த இடமும் எழுதப்பட்ட மொழியும் கருத்துப் பிறந்த இடத்தைக் காட்டப் போதியன அல்ல. இச்சுவடிகளிலுள்ள தோமா நற்செய்தியின் கிரேக்கப் பகுதிகள் அவற்றிற்கு முன்பே ஆக்சிரிங்கசில் கிடைத்திருந்தன. ஆறாம் சுவடியில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஒரு பகுதி கோப்து மொழியில் இடம்பெற்றுள்ளது. அது எகிப்தில் கிடைத்தது என்பதற்காகப் பிளேட்டோவின் சிந்தனை எகிப்தில் பிறந்தது என எவரும் கூறுவதில்லை. ஏனைய நூல்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

ஒப்புமைகள்

அவ்வாறாயின் எகிப்தின் பங்கு யாதும் இல்லையோ எனின், உண்டு என்றே கூறல் வேண்டும். எகிப்திய மொழியில் 'எட்டு' எனப் பெயர்பெற்ற ஹெர்மோபோலிஸ் நகரில், படைப்புக்கு முந்தைய எண்மர் வழிபடப்பட்டனர். நூன் முதலிய ஆண் தெய்வங்கள் நால்வர். அவர்தம் பெண் இணையர் நால்வர். வாலந்தினுஸ் மரபினரும் ஆணும் பெண்ணுமாகிய நான்கு இணைகளையே தம் முதல் எண்மராகக் கொண்டனர் என்பது இரனேயு தரும் செய்தியால் புலனாகிறது. அமைப்பு ஒத்திருப்பினும் பெயர்கள் வேறு. எகிப்திய எண்மர் ஆதிநீர், எல்லையின்மை, இருள், மறைவு ஆகியவற்றைக் குறிப்பர். வாலந்தினியர் கூறும் வாக்கு, உயிர், உண்மை முதலியனவோ யோவான் நற்செய்தியின் சொற்களாகும்.

மற்றோர் ஒப்புமை மறுமைப் பயணம் பற்றியது. எகிப்திய 'இறந்தோர் நூலில்' இறந்தவர் வாயிற்காவலர் பெயரைச் சொல்லி வழி பெறுகிறார். நாக் ஹம்மாதியின் 'யாக்கோபின் முதல் வெளிப்பாட்டில்' மேலேறும் உயிர், வழிமறிக்கும் ஆயக்காரருக்குக் கூற வேண்டிய மறுமொழி கற்பிக்கப்படுகிறது.

அடிப்படை வேறுபாடு

இவ்விரண்டு பயணங்களின் முடிவை நோக்கின் வேறுபாடு விளங்கும். எகிப்தியர் மாஅத் என்னும் உலக ஒழுங்கைப் போற்றியவர். உடலைப் பதப்படுத்திக் காத்தவர். இறந்தவர் ஒசிரிசுடனும் கதிரவனுடனும் அவ்வொழுங்கிலேயே இடம்பெற விழைந்தார். ஞானவாதியின் உயிரோ உலகையும் அதனைப் படைத்தவனையும் கடந்து செல்ல விழைகிறது. 'யோவானின் மறைநூலில்' தாழ்ந்த படைப்போன், தன்னையன்றி வேறு கடவுள் இல்லை எனத் தருக்குகிறான். இது எபிரேய வேதத்தின் இறைக்கூற்றைத் தலைகீழாக வாசித்ததன் விளைவாகும். அவ்வேதத்தை அறியாதார்க்கு இவ்வினா எழ இடமில்லை. உலகைச் சமைக்கும் கீழ்நிலைப் படைப்போன் என்னும் கருத்திற்குப் பிளேட்டோவின் 'திமேயுஸ்' துணைநின்றது. எனினும் அந்நூலின் படைப்போன் நல்லவனே.

இதற்கு ஆறாம் சுவடியே மற்றொரு சான்றும் தருகிறது. எகிப்தை வானுலகின் சாயல் எனப் போற்றும் 'அஸ்கிளேப்பியஸ்' நூற்பகுதி அதில் உள்ளது. எகிப்தியப் பற்று ஓங்கி ஒலிக்கும் அந்நூல், உலகை இகழாமல் இறைவனின் நற்படைப்பாகவே போற்றுகிறது.

முடிவுரை

பசிலிதேஸ் அலெக்சாந்திரியாவில் கற்பித்தவர். வாலந்தினுஸ் அந்நகரில் கற்றுப் பின் உரோம் சென்றவர். ஃபிலே கோயிலில் கி.பி. 394இல் கூடச் சித்திர எழுத்துக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. எனவே பழைய சமயம் உயிருடன் இருந்த மண்ணில் ஞானவாதம் வளர்ந்தது என்பது உறுதி. எண் அமைப்பு, இணை முறை, வழிச்சொல் ஆகியவற்றில் அம்மண்ணின் சாயல் உண்டு. ஆனால் ஞானவாதத்தை ஞானவாதமாக்கும் வினா, அதாவது படைத்தவன் ஏன் பரம்பொருள் அல்லன் என்பது, எகிப்தியக் கோயில்களில் எழுந்ததன்று. எபிரேய வேதத்தைக் கிரேக்க மெய்யியலின் துணையுடன் வாசித்தோரிடம் எழுந்தது. 'ஞானவாதம்' என்னும் பெயரே ஒரே இயக்கத்தைக் குறிக்குமா என 1996இல் மைக்கேல் வில்லியம்சும், 2003இல் கேரன் கிங்கும் ஐயுற்றமை இங்கு நினைக்கத்தக்கது. ஒற்றை மூலம் தேடுவதைவிட, எக்கூறு எங்கிருந்து வந்தது எனத் தனித்தனியே பகுத்துக் காண்பதே வரலாற்றுக்கு ஏற்ற நெறியாகும்.